மகனின் பெயரைச் சுமந்து நிற்கும் கலாசாலை

இணையம் பரவத் தொடங்கிய காலத்தில், ஒரு கதை மின்னஞ்சல் வழியாக உலகத் தமிழரிடையேயும் சுற்றி வந்தது. சாயம் போன ஆடையணிந்த ஓர் ஏழைத் தம்பதியர், இறந்துபோன தம் மகனின் நினைவாக ஒரு கட்டடம் கட்டித் தரலாமா என்று கேட்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவரிடம் சென்றனராம். அவர் இகழ்ந்து அனுப்பிவிட, வீம்புக்குத் தாமே ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்டினராம். அதுவே ஸ்டான்போர்ட் என்று கதை முடியும்.

இக்கதையில் மகன் இறந்ததும் பல்கலைக்கழகம் எழுந்ததும் மாத்திரமே உண்மை. தந்தை லீலண்ட் ஸ்டான்போர்ட் ஏழையல்லர். 1862, 1863 ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவின் ஆளுநராக இருந்தவர். சென்ட்ரல் பசிபிக் புகையிரதக் கம்பனியின் தலைவர். அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த இருப்புப் பாதைக்கு 1869 மே 10 ஆம் திகதி பொன் ஆணி அறைந்தவரும் அவரே. ஹார்வர்ட் தலைவர் சார்ள்ஸ் எலியட் அவரையும் மனைவி ஜேனையும் மதிப்புடன் வரவேற்று ஆலோசனை கூறினார். ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஐம்பது இலட்சம் டொலராவது வேண்டும் என்று எலியட் சொன்னபோது, அது தம்மால் முடியும் என்று ஸ்டான்போர்ட் மனைவியைப் பார்த்துச் சொன்னார் என்பதே எலியட் பின்னர் நினைவுகூர்ந்த செய்தி.

வீம்பில் எழுந்ததன்று அந்தக் கலாசாலை. அது எதிலிருந்து எழுந்தது என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம்.

1850 இல் மணம் புரிந்த தம்பதியர் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை 1868 மே 14 ஆம் திகதி பிறந்தான். தந்தையின் பெயரே அவனுக்கும் இடப்பட்டதால் லீலண்ட் ஸ்டான்போர்ட் ஜூனியர் எனப்பட்டான். தொல்பொருள்களில் அவனுக்குத் தணியாத ஆர்வம் இருந்தது. சான் பிரான்சிஸ்கோ வீட்டிலேயே சிறியதொரு காட்சியகம் அமைத்திருந்தான். ஐரோப்பியப் பயணத்தின்போது, ட்ரோய் நகரை அகழ்ந்த ஹைன்ரிச் ஷ்லீமனை ஏதென்ஸில் சந்தித்தான்.

அந்தப் பயணத்திலேயே நெருப்புக் காய்ச்சல் அவனைப் பற்றியது. ஏதென்ஸிலிருந்து நேப்பிள்ஸுக்கும், பின்னர் ரோமுக்கும், இறுதியில் புளோரன்ஸுக்கும் கொண்டு சென்றனர். 1884 மார்ச் 13 ஆம் திகதி, பதினாறாவது பிறந்த நாளுக்கு இரண்டு மாதங்கள் இருக்கையில், அங்கே ஒரு விடுதியில் அவன் உயிர் பிரிந்தது.

அதே 1884 இல்தான் ஜேர்மனிய விஞ்ஞானி கயோர்க் காவ்க்கி அந்நோயின் கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காட்டினார். தடுப்பூசி 1896 இல் வந்தது. நோயைக் குணமாக்கும் மருந்து 1940 களின் பிற்பகுதியிலேயே கிடைத்தது. அன்று எவ்வளவு செல்வம் இருந்தும் வாங்குவதற்கு மருந்தென்று ஒன்று இருக்கவில்லை.

மகன் இறந்த பின்னர், துயில் கலைந்து எழுந்த தந்தை, இனிக் கலிபோர்னியாவின் பிள்ளைகளே நம் பிள்ளைகள் என்று மனைவியிடம் சொன்னதாகக் கூறப்படுகின்றது. அச்சொல்லுக்கு அவர்கள் கட்டுப்பட்டனர். 1885 நவம்பரில் நிறுவற் பத்திரத்தில் ஒப்பமிட்டனர். 1887 மே 14 ஆம் திகதி, மகனின் பிறந்த நாளன்று, மூலைக்கல் நாட்டப்பட்டது. 1891 ஒக்டோபர் 1 ஆம் திகதி கலாசாலை திறக்கப்பட்டது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து கற்றனர். 1920 வரை கற்பித்தற் கட்டணம் அறவிடப்படவில்லை. லீலண்ட் ஸ்டான்போர்ட் ஜூனியர் பல்கலைக்கழகம் என்பதே இன்றுவரை அதன் முழுப்பெயர். பலர் எண்ணுவதுபோல் அது தந்தையின் பெயரன்று, மகனின் பெயர்.

1893 ஜூனில் தந்தையும் காலமானார். பொருளாதார நெருக்கடியும் அவ்வாண்டிலேயே தலைதூக்கியது. சொத்துகள் நீதிமன்றத்தில் முடங்கின. புகையிரதக் கடனுக்காக ஒன்றரைக் கோடி டொலர் கோரி அமெரிக்க அரசும் வழக்குத் தொடுத்தது. கலாசாலையை மூடிவிடுமாறு பலர் கூறினர். ஜேன் மூடவில்லை. வீட்டுச் செலவுக்கென நீதிமன்றம் அனுமதித்த மாதம் பத்தாயிரம் டொலரில் தம் வேலையாட்களைக் குறைத்துப் பேராசிரியர்களுக்குச் சம்பளம் வழங்கினார். 1896 இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. எனினும் நெருக்கடி முற்றாக நீங்கவில்லை. 1897 இல் தம் நகைகளை இலண்டனுக்கு எடுத்துச் சென்று விற்க முயன்றார், பெரும்பாலும் விலைபோகவில்லை. 1905 இல் அவர் மறைந்த பின்னர், அவர் விருப்பப்படி அந்நகைகள் நூலகத்துக்கு நூல் வாங்கும் நிதியமாயின.

துயரத்தில் பிறந்த கொடையென்பதற்காக அதன் குறைகளை மறைத்தல் தகாது. மகனின் நினைவுச் சின்னம் பெண்கள் கல்லூரியாக மாறிவிடுமோ என அஞ்சி, மாணவியர் தொகை ஐந்நூறைத் தாண்டலாகாது என 1899 இல் ஜேன் வரம்பிட்டார். அந்த வரம்பு முற்றாக நீங்கியது 1973 இல்தான்.

அதைவிடப் பெரிய கேள்வியொன்றும் உண்டு. கொடைக்கு வழிசெய்த இருப்புப் பாதையைச் சியெரா நெவாடா மலைகளைக் குடைந்து அமைத்தவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் சீனத் தொழிலாளர். வெடிவிபத்திலும் பனிச்சரிவிலும் அவர்கள் மாண்டனர். எத்தனை பேர் என்று கம்பனி பதிந்து வைக்கவில்லை. ஆளுநராகப் பதவியேற்றபோது ஆசியர் குடியேறுவதை எதிர்த்துப் பேசியவர் ஸ்டான்போர்ட். கலிபோர்னியாவின் பிள்ளைகள் என்று அவர் சொன்னபோது அத்தொழிலாளரின் பிள்ளைகள் அவர் கண்முன் வந்திருப்பார்களா? ஐயமே. ஒரு பிள்ளையின் பெயரைக் காக்க ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. மலையில் மாண்ட எத்தனையோ பேரின் பிள்ளைகளுடைய பெயர்கள் ஓர் ஏட்டிலும் இல்லை. 2012 இல் அப்பல்கலைக்கழகமே அத்தொழிலாளரின் வரலாற்றைத் தேடும் ஆய்வுத்திட்டமொன்றைத் தொடங்கியது. காலம் தாழ்ந்ததாயினும் அது செய்யவேண்டிய பணியே.

மகனின் சேகரிப்புகளை ஜேன் கண்போலக் காத்தார். அவற்றை வைப்பதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் கட்டினார். 1906 ஏப்ரல் 18 ஆம் திகதிய பூகம்பத்தில் அக்கட்டடத்தின் பெரும்பகுதி இடிந்து, அரும்பொருள்கள் பல நொறுங்கின. அதைக் காண அவர் உயிருடன் இருக்கவில்லை. கலாசாலையோ தொடர்ந்து இயங்கியது. இறந்தவனுக்கென வைத்த பொருள்கள் உடைந்தன. பிறர் பிள்ளைகளுக்கெனக் கொடுத்தது நிலைத்தது.

எங்கள் வழக்கத்தில் அந்தியேட்டியன்று கல்வெட்டு வெளியிடுகின்றோம். பிள்ளையை இழந்த வீட்டில் அச்சிறு நூலைக் கையில் வாங்குவது மிகக் கடினம். அதன் தாள்களும் ஒருநாள் பழுப்பேறும். ஆனால் அந்தப் பிள்ளையின் பெயரால் இன்னொரு பிள்ளைக்குப் புத்தகமோ மருந்தோ வாங்கிக் கொடுக்கும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அவர்களுக்குக் கோடிகள் இல்லை. செய்வது ஜேன் செய்ததையே.

சிறுவன் லீலண்ட் ஓடி விளையாடிய பாலோ ஆல்டோ வீடு, பூகம்பத்தில் சிதைந்து எஞ்சியிருந்தது. முதலாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அது, நோயிலிருந்து தேறும் ஏழைப் பிள்ளைகளின் இல்லமாகியது. நோயால் தம் ஒரே பிள்ளையை இழந்த வீட்டில் பிறர் பிள்ளைகள் நோய் தீர்ந்து எழுந்து நடந்தனர். அவன் பெற்றோர் அதைக் காணவில்லை. கண்டிருந்தால், பல்கலைக்கழகத்தைவிட அந்த வீடே அவர்கள் நெஞ்சை நிறைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகின்றது.