‘பர்மனென்ட்’ என்றொரு சொல்
பெங்களூர்த் தமிழரின் உழைப்பு வரலாறு

பெங்களூர்த் தமிழர் வரலாறு என்று பேச ஆரம்பித்தால் நாம் முதலில் தொம்மலூர் சொக்கநாதர் கோயில் கல்வெட்டுகளுக்குப் போய்விடுகிறோம். பிறகு அல்சூர், தண்டுப் பகுதித் தெருக்கள், திருவள்ளுவர் சிலை என்று பட்டியல் நீளும். எல்லாம் பெருமைக்குரியவைதான். ஆனால் நம்மில் பெரும்பாலோரின் குடும்பங்களை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது கூலி வேலை. வயிற்றுக்காக வந்தவர்களின் வரலாறு கல்லில் இல்லை. டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலும் பி.எஃப். சீட்டிலும் இருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் கல்யாணப் பேச்சு எழுந்தால் பெண் வீட்டார் முதலில் கேட்பது, “பையன் பர்மனென்டா?” என்பதுதான். ஆமாம் என்றால் பாதிப் பேச்சு முடிந்த மாதிரி. அந்தச் சொல் நம் வீடுகளுக்குள் எப்படி வந்தது, எத்தனை காலம் தங்கியது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தண்டும் ஆலையும்

1809ல் ஆங்கிலேயர் இங்கே தண்டை அமைத்தபோது படையோடு சமையல்காரர், குதிரைக்காரர், சலவைத் தொழிலாளர், கொத்தனார், சிறு வியாபாரிகள் என்று பலர் சென்னை மாகாணத்திலிருந்து வந்தனர். 1864ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் ஓடத் தொடங்கியதும் வட ஆற்காடு, சேலம் மாவட்டத்து வறண்ட கிராமங்களுக்கு பெங்களூர் எட்டும் தூரமானது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு இன்னொரு காரணத்தைத் தந்தது. இத்தனைக்கும் அப்போது மைசூர்ச் சீமையும் அதே பஞ்சத்தில்தான் வாடிக்கொண்டிருந்தது.

1884ல் பெங்களூர்க் கம்பளி, பருத்தி, பட்டு ஆலை தொடங்கப்பட்டது. நாம் பின்னி மில் என்று சொல்வது இதைத்தான். அந்தக் காலத்து ஆலைகளில் நிரந்தரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. காலையில் சங்கு ஊதும்போது பதிலி ஆட்கள் கேட்டில் நிற்க வேண்டும். அன்று வராதவன் இடத்துக்கு மேஸ்திரி யாரைக் கை காட்டுகிறாரோ அவனுக்கு வேலை. மற்றவன் தூக்குச்சட்டியோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

வேலை நேரத்தைப் பாருங்கள். நெசவாலைகளில் வயதுவந்த ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 12 மணி என்ற வரம்பு பிரிட்டிஷ் இந்தியாவில் 1911ல்தான் வந்தது. 1922ல் வாரத்துக்கு 60 மணி, 1934ல் 54 மணி, 1946ல் 48 மணி என்று அது படிப்படியாக இறங்கியது. மைசூர் சமஸ்தானம் தனி என்பதால் பிரிட்டிஷ் இந்தியச் சட்டங்கள் இங்கே தாமாக வந்து பொருந்தவில்லை. மைசூர் தொழிலாளர் சட்டம் வர 1942 ஆயிற்று.

சென்னையில் இதே பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டனர். பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சங்கம் அது. பெரம்பூரிலும் பெங்களூரிலும் ஆலை முதலாளி ஒருவரே என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

தங்கவயல் தந்த பாடம்

கோலார் தங்கவயலைச் சொல்லாமல் பெங்களூர்த் தமிழரின் உழைப்பு வரலாறு நிறைவு பெறாது. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய சுரங்கங்களில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து வந்த தாழ்த்தப்பட்ட மக்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். மேலே பாறை வெடிக்கும் அபாயம், நுரையீரலில் படியும் கல் தூசி, இரண்டுக்கும் நடுவே வேலை. தங்கவயலுக்கு 1902லேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூருக்கே 1905ல்தான் வந்தது. இயந்திரத்துக்கு முதலில் வெளிச்சம், மனிதனுக்குப் பிறகு என்றுதான் அதை நான் படிக்கிறேன்.

1930ல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யும் முறையைக் கம்பெனி கொண்டுவந்தபோது சுரங்கமே நின்றது. அதைக் கூலிச் சண்டை என்று மட்டும் சொல்ல முடியாது, மானச் சண்டையும்கூட. எழுத்தறிவில்லாத கூலி என்று எண்ணப்பட்டவர்கள், தங்கள் பெயரும் அடையாளமும் யார் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

டவுன்ஷிப் காலம்

1940ல் எச்.ஏ.எல்., 1948ல் ஐ.டி.ஐ., 1953ல் எச்.எம்.டி., 1954ல் பி.இ.எல்., 1964ல் பி.இ.எம்.எல். என்று வரிசையாக வந்த தொழிற்சாலைகள்தான் ‘பர்மனென்ட்’ என்ற சொல்லை நம் வீட்டுச் சொல்லாக்கின. கம்பெனி பஸ், கேன்டீன், குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். 1948ன் ஈ.எஸ்.ஐ. சட்டமும் 1952ன் பி.எஃப். சட்டமும் தனியார் ஆலைத் தொழிலாளிக்கும் ஓரளவு பாதுகாப்பைத் தந்தன. கூலிக்காரன் மகன் இன்ஜினியர் ஆனான் என்று இன்று நாம் பெருமையாகச் சொல்லும் கதைகளில் பல இந்த ஒரு தலைமுறையில் நடந்தவை.

இந்த வேலைகளுக்காக உள்ளூர்க் கன்னட இளைஞர்களும் ஏங்கினார்கள். 1980களில் சரோஜினி மகிஷி குழு உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை கேட்டது அந்த ஏக்கத்திலிருந்துதான். அதைப் பகையாக மட்டும் பார்த்தால் வரலாறு நமக்குப் புரியாது. நிரந்தர வேலை கொஞ்சம், கேட்பவர் நிறைய.

அதே காலகட்டத்தில் மொழி பாராமல் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1980 டிசம்பர் கடைசியில் தொடங்கி 77 நாட்கள் இந்த ஐந்து நிறுவனத் தொழிலாளர்களும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். பி.எச்.இ.எல். தொழிலாளிக்கு இணையான சம்பளம் கேட்டனர். கேட்டது கிடைக்காமலே 1981 மார்ச்சில் அது முடிந்தது. அடகுக்கடையில் அந்த வருஷம் நகை வைத்த குடும்பங்கள் இன்னும் அதை மறக்கவில்லை.

240 நாள் கணக்கு

1947ன் தொழில் தகராறுகள் சட்டப்படி 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்தவரைத் தொடர்ந்து ஓராண்டு பணியாற்றியவராகக் கொள்ள வேண்டியிருந்தது. அவரை நீக்கினால் நோட்டீசும் நஷ்டஈடும் தர வேண்டியிருந்தது. தொழிலாளியைக் காக்க வந்த இந்த எண்ணே பிறகு அவனுக்கு எதிரியானது. 230வது நாளில் “நாளையிலிருந்து வராதே, ஒரு மாசம் கழிச்சு வா” என்று அனுப்பிவிடுவது பல இடங்களில் வழக்கமாயிற்று. இல்லையென்றால் கான்ட்ராக்டர் பெயரில் ஆள் எடுப்பது. 2007ல் அர்ஜுன் சென்குப்தா ஆணையம் நாட்டின் உழைப்பாளர்களில் 92 விழுக்காட்டினர் முறைசாராத் தொழிலாளர் என்று கணக்கிட்டது. நம் ‘பர்மனென்ட்’ அப்பாக்கள் மீதி 8 விழுக்காட்டில் இருந்தவர்கள்.

2001 பிப்ரவரி 28ல் தங்கவயல் மூடப்பட்டது. அங்கிருந்து விடியற்காலை ரயிலேறி பெங்களூரில் வேலை பார்த்து இரவு வீடு திரும்புவது ஆயிரக்கணக்கானோரின் வாழ்க்கையானது. 2016ல் எச்.எம்.டி. கடிகாரக் கம்பெனியும் மூடப்பட்டது.

அதே 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஓசூர் ரோட்டிலும் பீண்யா பக்கமும் கார்மென்ட்ஸ் பெண்கள் தெருவில் இறங்கியதை நாம் கண்ணால் பார்த்தோம். முதலாளி பங்காகச் சேரும் பி.எஃப். பணத்தை 58 வயது வரை எடுக்க முடியாது என்று பிப்ரவரியில் வந்த அறிவிப்பே காரணம். 58 வயது வரை தையல் மெஷினில் உட்கார முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். வேலையை விட்டால் கையில் வரும் அந்தப் பணம்தான் மகள் கல்யாணம், கடன் அடைப்பு எல்லாம். எந்தப் பெரிய சங்கமும் அழைக்காமல் அவர்கள் வந்தார்கள். தடியடியும் நடந்தது, பஸ்களும் எரிந்தன. இரண்டாம் நாளே மத்திய அரசு அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. 77 நாளில் ஆண்களுக்குக் கிடைக்காதது இரண்டு நாளில் பெண்களுக்குக் கிடைத்தது.

முடிவாக

2023ல் கர்நாடகம், வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பை வைத்துக்கொண்டே, ஒரு நாளைக்கு 12 மணி வரை வேலை வாங்க வழி செய்தது. 1911ன் எண் திரும்பி வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21ல் 29 சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. காலம் குறிப்பிட்ட வேலைக்கு இப்போது சட்டத்திலேயே தனி இடம் உண்டு. எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்ற நல்ல விதியும் அதில் இருக்கிறது. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் பையன்களுக்கான நலச் சட்டத்தை அதே ஆண்டு கர்நாடகம் இயற்றியது. இவை ஏட்டோடு நிற்குமா, கைக்கு வருமா என்பது கேட்டு வாங்குபவரைப் பொறுத்தது. கைரேகை கேட்ட காலத்திலிருந்து அப்படித்தான்.

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய வருகை அட்டை, சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது எதையும் எடைக்குப் போடாதீர்கள். ஒரு நகல் எடுத்துச் சங்க நூலகத்துக்குத் தாருங்கள். அப்படியே, ஐ.டி. கம்பெனிக்குப் போகும் உங்கள் மகனோ மகளோ கையெழுத்துப் போட்ட நியமனக் கடிதத்தையும் ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள். கம்பெனி ஆளா, கான்ட்ராக்ட் ஆளா என்று அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.