வழமைப்படி சுத்தி செய்து

உம்மாவின் முழங்கால் நோவுக்காகத்தான் நிந்தவூருக்குப் போனோம். தொற்றா நோய்களுக்கான ஆயுர்வேத ஆராய்ச்சி வைத்தியசாலை அங்கே இருக்கிறது. காத்தான்குடியிலிருந்து கல்முனை வீதியால் தெற்கே பஸ் ஓட்டம். வழிநெடுக உம்மா நோவைச் சொல்லிக்கொண்டு வந்தார். என் மடியில் ஒரு பழைய கொப்பி இருந்தது. அது மூத்தாப்பாவுடையது. அவர் எங்கள் ஊரில் பரிசாரி. கொப்பி முழுதும் அரபுத்தமிழ்.

எங்களைப் பார்த்த டொக்டர் யூனானி படித்த இளம் பெண். முதலில் கேட்டது உம்மாவின் இரத்தப் பரிசோதனை றிப்போட்டைத்தான். சீனியின் அளவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சீனிக் குளிசைய நிப்பாட்டினீங்களா உம்மா?"

"ஓம் மகள். இஞ்ச மருந்து எடுக்கத்தானே வந்த. ரெண்டையும் எப்படிக் குடிக்கிற?"

"அத நிப்பாட்டப்படாது. நான் தாறது காலுக்கு எண்ணெய். கிளினிக்குல தந்த குளிசையயும் போடணும்."

உம்மாவுக்கு இது பெரிய ஆச்சரியம். நாட்டு வைத்தியரும் இங்கிலீசு வைத்தியரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லித்தான் அவர் கேட்டிருக்கிறார். எனக்கும் கொஞ்சம் ஆச்சரியம்தான். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் இந்தச் சேர்மானம் புதிதல்ல.

யூனானி என்ற பெயரே கிரேக்கரைக் குறிப்பது. ஹிப்போகிரட்டீசும் கேலனும் சொன்னதை அரபு மொழிக்குக் கொண்டுவந்து, ராஸியும் இப்னு ஸீனாவும் சோதித்தும் திருத்தியும் வளர்த்ததுதான் இந்த வைத்தியம். இந்தியாவுக்கு வந்தபோது இங்குள்ள மூலிகைகளையும் அது தனக்குள் எடுத்துக்கொண்டது. இரத்தம், பல்கம், ஸஃப்ரா, ஸவ்தா என்று யூனானி நான்கைச் சொல்கிறது. சித்த வைத்தியம் வாதம், பித்தம், ஐயம் என்று மூன்றைச் சொல்கிறது. எங்கள் மூத்தாப்பா 'பித்தம் கூடிட்டு' என்றுதான் சொல்வார். எந்த முறைப்படி சொன்னார் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

இலங்கையில் முஸ்லிம் வைத்தியர்கள் எத்தனை பழமையானவர்கள் என்பதற்கு இரண்டு சான்றுகளைச் சொல்லலாம். கண்டி அரசரின் அரண்மனை மருத்துவப் பகுதியான 'பெஹெத்கே'யில் முஸ்லிம் வைத்தியக் குடும்பங்கள் பணியாற்றியதை லோர்னா தேவராஜா 1994இல் வெளிவந்த தமது நூலில் எழுதியிருக்கிறார். மற்றது, இங்கே தலைமை நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் அரச ஆசியக் கழகத்துக்கு எழுதிய கடிதம். பரம்பரை பரம்பரையாக வைத்தியம் பார்த்த ஒரு முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்த மீரா லெப்பை மேஸ்திரியார் சுதேச வைத்தியத்துக்கு மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டதையும், முஸ்லிம் வைத்தியர்கள் பயன்படுத்திய மூலிகைகளைப் பற்றி அவர் விவரம் தந்ததையும் அதில் காணலாம். அந்த மூலிகைகளை வளர்த்துப் பெருக்குவதையும் நோக்கமாகக் கொண்டே 1810இல் அரச தாவரவியல் பூங்கா ஒன்றை முன்மொழிந்ததாக ஜோன்ஸ்டன் சொல்கிறார். பேராதனைப் பூங்காவுக்குச் சுற்றுலா கூட்டிப் போகும்போது பிள்ளைகளிடம் இதை நான் சொல்வதுண்டு.

இரண்டு வைத்தியங்களையும் ஒரே கூரையின் கீழ் வைக்க முனைந்தவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் ஹகீம் அஜ்மல் கான். டில்லியில் அவர் கட்டியெழுப்பிய திப்பியாக் கல்லூரியை 1921இல் காந்தி திறந்து வைத்தார். யூனானியும் ஆயுர்வேதமும் அங்கே கற்பிக்கப்பட்டன. நவீன உடற்கூற்றியலும் இரசாயனமும் சேர்ந்தே இருந்தன. ஹகீம் 1927இல் மௌத்தானார். நான்கு வருடம் கழித்து, அந்தக் கல்லூரியோடு சேர்ந்த ஆய்வுகூடத்தில் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி சர்ப்பகந்தி வேரிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்தெடுத்து அவர் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயர் வைத்தார். இதயத் துடிப்பின் ஒருவகைக் கோளாறைக் கண்டுபிடிக்க இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

கொழும்பு பொரளையில் சுதேச வைத்தியக் கல்லூரி 1929இல் தொடங்கியது. ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றுக்கும் அங்கே இடமிருந்தது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமும் மூன்றையும் உள்ளடக்கியது. 1977இல் அந்த நிறுவனம் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. எங்கள் டொக்டரின் பட்டம் அந்த வழியில் வந்தது. மூத்தாப்பாவுக்குப் பட்டம் ஒன்றுமில்லை.

கொப்பியை நீட்டினேன். டொக்டர் பக்கங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "சேர், அரபு எழுத்து விளங்குது, சொல்லு விளங்கல." எனக்கும் பாதிக் கதைதான். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவன் நான். கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து என்று முஸ்லிம்களின் இலக்கிய வகைகளையெல்லாம் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். வைத்தியக் கொப்பியைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை. அரபு நெடுங்கணக்கில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளி கூட்டி எழுதுவார்கள். மை மங்கி ஒரு புள்ளி போனால் சொல்லே மாறிவிடும். கதைப் பாட்டென்றால் யாருக்கும் சேதமில்லை. மருந்தின் நிறையில் அது நடந்தால்?

பெரியும்மா வாசித்துத் தந்ததைத் தமிழெழுத்தில் எழுதி வைத்திருந்தேன். ஆடாதோடை, குப்பைமேனி, வேர்க்கொம்பு. டொக்டர் தலையாட்டிக்கொண்டே வந்தார். சேங்கொட்டை வந்ததும் நின்றுவிட்டார். அதன் பால் பட்டாலே தோல் வெந்து கொப்பளிக்கும். நஞ்சு நீக்கிய பிறகே மருந்தில் சேர்க்க வேண்டும். கொப்பியில் அந்த இடத்தில் 'வழமைப்படி சுத்தி செய்து' என்று மட்டும் இருந்தது.

"எந்த வழமை சேர்?"

நூல்களில் சேங்கொட்டைக்குச் சுத்தி முறைகள் இருக்கின்றன, ஒன்றல்ல. மூத்தாப்பா செய்தது எது என்பது அவர் கையில் இருந்தது. கூட இருந்து பார்க்கும் ஆளுக்காக எழுதியது அந்தக் கொப்பி. கூட இருந்த ஆள் யார் என்று உம்மாவிடம் கேட்டேன்.

"ஆரையம்பதில இருந்து வாற கிழவன்தான் மனே. படுவான்கரையால பச்சிலை கொண்டு வந்து குடுக்கிற. கொட்டையச் சுத்துறதும் அவர்தான். மறுகா பிரச்சினை வந்திட்டு."

உம்மா 'பிரச்சினை' என்றது 1990. ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இஷாத் தொழுகையில் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் ஷஹீதானார்கள். அடுத்தடுத்த நாட்களில் கிழக்கில் அப்பாவித் தமிழர்களும் கொல்லப்பட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது. ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் இடையில் நடக்கும் தூரம்தான். அந்தத் தூரத்தை வருடக்கணக்கில் யாரும் நடக்கவில்லை. பச்சிலை வருவது நின்றது. ஆரையம்பதி நோயாளிகளும் வரவில்லை. மூத்தாப்பா மருந்து இடிப்பதை விட்டார். 'சாமான் இல்ல' என்று அவர் சொன்னது எனக்கு ஞாபகம். பச்சிலை மட்டும் இல்லாமல் போனதாக அப்போது நினைத்தேன்.

கொப்பியைப் புத்தகமாக அடிக்கலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. படிக்காதவர்கள் ஹிஜாமா குத்துகிற காலம் இது. 'வழமைப்படி' என்ற சொல்லோடு சேங்கொட்டையை அச்சில் விட்டால் யாராவது காய்ச்சிக் குடிப்பார்கள். சொற்களைப் பட்டியலிடலாம், எழுத்தைப் படமெடுத்து வைக்கலாம். மருந்துகளைப் படித்தவர்கள் சோதிக்கட்டும். டொக்டர் நாற்பது பக்கம் படமெடுத்துக்கொண்டார். மிச்சத்தைப் பெரியும்மா வாசிக்க, போனில் பதிவு செய்கிறேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம்தான் கண் ஒத்துழைக்கிறது.

உம்மா எண்ணெய் பூசுகிறார், குளிசையும் போடுகிறார். போன வெள்ளிக்கிழமை ஆரையம்பதிக்குப் போய் அந்தக் கிழவரின் வீட்டை விசாரித்தேன். அவர் இல்லை. மகன் இருக்கிறாராம், படுவான்கரையில் வயல் செய்கிறாராம். அறுவடை முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.