தேயிலை: செடியா, மரமா?

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். அம்மலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கொய்தோருள் தமிழர் பலர். அவர்கள் வழக்கில் அது ‘தேயிலைச் செடி’. இடுப்பளவே நிற்கும் ஒன்றைச் செடி என்பது இயல்பே. ஆனால், அக்குட்டை உருவம் இயற்கை தந்ததன்று. கவாத்துக் கத்தியும் கொழுந்து கிள்ளிய விரல்களும் தந்தது. வெட்டாது விட்டால் அது ஓங்கி வளர்ந்து மரமாகும்.

புறத்தோற்றமும் சந்தைப் பெயரும் அறிஞரையும் ஏமாற்றியதுண்டு. சுவீடன் நாட்டு லின்னேயசு 1753-இல் தேயிலைக்குத் ‘தேயா சைனென்சிஸ்’ எனப் பெயர் சூட்டினார். 1762-இல் அதனையே ‘தேயா போஹியா’, ‘தேயா விரிடிஸ்’ என இரண்டு இனங்களாக்கினார். கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் வெவ்வேறு தாவரங்களின் இலைகள் என ஐரோப்பியர் நம்பிய காலம் அது. 1840-களில் சீனம் சென்ற ராபர்ட் பார்ச்சூன், ஒரே தாவரத்தின் இலையே பதப்படுத்தும் முறையால் இருவகையாகிறது எனக் கண்டார். பறித்த இலையை உடனே சூடேற்றினால் பச்சைத் தேயிலை. வாட்டி, உருட்டி, காற்றுப் பட்டுச் சிவக்கவிட்டு உலர்த்தினால் கறுப்புத் தேயிலை. 1887-இல் ஆட்டோ குன்ட்சே என்பார் இட்ட ‘கேமெலியா சைனென்சிஸ்’ என்னும் பெயரே இன்று நிலைபெற்றுள்ளது.

அவ்வாறாயின் எதனைக் கொண்டு பிரிப்பது? தாவரத்தின் உள்ளமைப்பையும் இனப்பெருக்க முறையையும் கொண்டே பிரிக்க வேண்டும். பிரிஞ்சாங் மலையுச்சிக் காட்டில் மரங்களைப் போர்த்திருக்கும் பாசிகளுக்கு நீரையும் உணவையும் கடத்தும் குழல்கள் இல்லை. அங்கேயே வளரும் பெரணிக்குக் குழல்கள் உண்டு, விதை இல்லை. தேயிலைக்குக் குழல்களும் உண்டு, பூவும் உண்டு, இரண்டு வித்திலை கொண்ட விதையும் உண்டு. தென்னையும் மூங்கிலும் பூக்கும் இனங்களே எனினும் அவற்றின் விதைக்கு வித்திலை ஒன்றே. இங்கிலாந்து நாட்டு ஜான் ரே 17-ஆம் நூற்றாண்டில் இவ்வேறுபாட்டைத் தம் பகுப்புக்கு அடிப்படையாக்கினார்.

உள்ளே நோக்கிப் பிரிக்கும் பார்வை தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல், வயிரம் புறத்தே உள்ளனவற்றைப் புல் என்றும், அகத்தே உள்ளனவற்றை மரம் என்றும் வகுக்கிறது. அதன்படி வானளாவும் தென்னையும் புல்லே. இடுப்பளவு தேயிலையோ மரம். ஓலை, மடல், பாளை என்பன புல்லின் உறுப்புகள் எனவும், இலை, தளிர் என்பன மரத்தின் உறுப்புகள் எனவும் அந்நூல் பிரித்துரைக்கிறது. தென்னையோலை, தேயிலை என்னும் நம் அன்றாடச் சொற்களிலும் அப்பகுப்பு வாழ்கிறது.

இதனால் இக்காலத் தாவரவியல் முழுவதும் தொல்காப்பியத்துள் அடங்கும் எனல் மிகையாகும். குழல்களையும் வித்திலைகளையும் அந்நூல் ஆராயவில்லை. எனினும், உயரத்தைக் கண்டு மயங்காது தண்டின் உள்ளே நோக்கிய அறிவு அதனுடையது.

இன்று அம்மலையில் கொழுந்து கொய்வோருள் அயல்நாட்டார் பலர். தோட்டத் தமிழரின் பிள்ளைகள் பலர் நகரம் சேர்ந்துவிட்டனர். அவர்களுக்கு இலக்கணப் பாடத்தையும் அறிவியல் பாடத்தையும் ஒருங்கே உணர்த்த, முன்னோர் கைபட்ட ஒரு தேயிலைக் கிளையும் ஒரு தென்னையோலையும் போதும்.