சீஸ் டோஸ்ட்டும் ஒன்றரை ஷிப்ட்டும்

போன வாரம் ஹாஸ்டலில் ஒரு பட்டிமன்றம். உலகத்திலேயே நல்ல சீஸ் சாண்ட்விச் எங்கே கிடைக்கும் என்பதுதான் தலைப்பு. சென்னைப் பையன் ஒருத்தன் ஏதோ ஒரு காபி ஷாப் பேரைச் சொன்னான். பம்பாயில் வளர்ந்தவன் ஒருத்தன், ஸ்டேஷன் வாசலில் நிற்கும் தள்ளுவண்டிதான் என்றான். மதுரைக்காரன் மட்டும், "பிரட்டெல்லாம் காய்ச்சல் வந்தா திங்கிறதுடா" என்று ஒரே வரியில் பஞ்சாயத்தை முடித்துவிட்டுப் பரோட்டா சாப்பிடப் போய்விட்டான்.

நான் என் பங்குக்கு "எங்க வீட்டு தோசைக்கல்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். திருப்பூரில் பனியன் கிடைக்கும், சீஸ் சாண்ட்விச்சுமா கிடைக்கும் என்று ஒரே கேலி. இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று நூலகத்தில் உட்கார்ந்தால், விஷயம் சமையலை விட்டு வரலாற்றுக்குள் போய்விட்டது. கொஞ்சம் நீளமான பதிவு. டீயோடு உட்காருங்கள் :-)

முதலில் என் பதார்த்தம். இரண்டு துண்டு பிரட். வெளிப்பக்கம் ஊத்துக்குளி வெண்ணெய். நடுவில் துருவிய அமுல் சீஸ், பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், சின்ன வெங்காயம். தோசைக்கல்லைக் குறைந்த தீயில் வைத்து, பிரட்டைப் போட்டு, அதன் மேல் ஒரு தட்டு, தட்டின் மேல் தண்ணீர் நிரப்பிய சொம்பு. மூன்று நிமிஷம். திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நிமிஷம். அவ்வளவுதான்.

பிரட், வெண்ணெய், சீஸ். மிளகாயையும் வெங்காயத்தையும் விட்டுவிட்டால் இருப்பது இந்த மூன்றுதான். ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு பாதையில் எங்கள் தோசைக்கல்லுக்கு வந்து சேர்ந்தவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெண்ணெய் எங்கள் ஊர்ச் சரக்கு. திருப்பூரிலிருந்து ஈரோடு போகும் ரயிலில் கொஞ்ச நேரத்தில் ஊத்துக்குளி ஸ்டேஷன் வந்துவிடும். தமிழ்நாட்டில் வெண்ணெய், நெய் என்றால் அந்த ஊர்ப் பெயரைத்தான் சொல்வார்கள். ஏன் அங்கே? அந்தச் சுற்றுவட்டாரம் மழை குறைந்த மேட்டுக்காடு. காங்கேயம், தாராபுரம் பக்கம் 'கொறங்காடு' என்று ஒன்று உண்டு. வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரவிட்டு, மாட்டை மேயவிடும் காடு. நெல் விளையாத பூமியில் எருமையும் மாடும்தான் வருமானம். எருமைப் பாலில் கொழுப்பு 7 சதவீதம் வரை இருக்கும். பசும்பாலை விட மிக அதிகம்.

பாலை வெளியூருக்கு அனுப்ப அப்போது வழி இல்லை, சாயங்காலத்துக்குள் கெட்டுவிடும். அதனால் தயிராக்கி, கடைந்து, வெண்ணெயை விற்றுவிட்டு மோரை வீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். வெண்ணெயை உருக்கிவிட்டால் நெய், அது மாதக்கணக்கில் நிற்கும். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை பேப்பூர் வரைக்குமான ரயில் பாதை 1862இல் முழுமையானது. அது இந்த வழியாகத்தான் போகிறது. கெடாத சரக்கு, பக்கத்தில் ரயில். வியாபாரத்துக்கு வேறென்ன வேண்டும்? என் அம்மாயி கல்யாணமான புதிதில் விடியற்காலை மத்து பிடித்துக் கடைந்த கதையை இன்னும் சொல்லும். "வெண்ணெ யாவாரிக்கு, மோரு நமக்கு" என்பது அதன் பொருளாதாரப் பாடம்.

இவ்வளவு பால் இருந்த ஊரில் ஏன் சீஸ் வரவில்லை? இது எனக்கே ரொம்ப நாள் சந்தேகம். பழைய முறைப்படி சீஸ் செய்யப் பாலை உறைய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற பொருள். நம் வீடுகளில் அது நடக்காது. அடுத்தது வெயில். ஐரோப்பாவில் சீஸைக் குளிர்ந்த நிலவறையில் மாதக்கணக்கில் பதப்படுத்துவார்கள். இங்கே சித்திரை மாதத்தில் எந்த அறை குளிரும்? பாலைக் கெடாமல் காக்க அவர்கள் சீஸைக் கண்டுபிடித்தார்கள், நாம் நெய்யைக் கண்டுபிடித்தோம். கேள்வி ஒன்றுதான், விடைதான் வேறு. (தமிழில் 'பாலாடைக்கட்டி' என்று பெயர் வைத்தவர் சீஸைப் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். பாலாடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.)

அடுத்து பிரட். மதுரைக்காரன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நம் அப்பா அம்மா தலைமுறைக்கு ரொட்டி என்றால் ஆஸ்பத்திரி. யாரையாவது பார்க்கப் போனால் ஒரு பாக்கெட் ரொட்டி, நாலு சாத்துக்குடி. அது அரிசி ஊரில் வெளியாள்.

அந்த வெளியாள் உள்ளே வந்ததற்குப் பஞ்சமும் ஒரு காரணம். 1965, 1966 இரண்டு வருஷமும் மழை பொய்த்தது. அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தில் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1966இல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் இந்தியாவுக்குள் இறங்கியது. அரிசி தின்கிறவர்களும் கோதுமை சாப்பிட வேண்டிய காலம். அந்த 1965இல்தான் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தது. ஆமாம், அரசாங்கமே பிரட் சுட்டு விற்றது! 2000இல் அது இந்துஸ்தான் லீவருக்கு விற்கப்பட்டது. பொதுத்துறை நிறுவனங்களைத் தனியாருக்கு விற்ற கதை பாடத்தில் வரும்போது இந்தப் பெயர் முதலில் வருவது இதனால்தான்.

இன்னொரு பக்கம் கேரளா. தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்பவர் 1880இல் பிஸ்கட் சூளை போட்டார். அங்கிருந்து வளர்ந்த பேக்கரித் தொழில் பாலக்காட்டுக் கணவாய் தாண்டி இந்தப் பக்கமும் வந்தது. கோவை, திருப்பூரில் பேக்கரி என்றால் டீக்கடையும் அதுவே. கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன், பப்ஸ், பக்கத்திலேயே டீ பாய்லர். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்களுக்கு "பேக்கரிக்குப் போலாம்" என்றால் டீ குடிக்கப் போகிறோம் என்று அர்த்தம்.

இப்போது சீஸ். இதுதான் கதையில் பெரிய திருப்பம்.

சாதாரண சீஸைச் சூடு பண்ணினால் எண்ணெய் தனியாகவும் சக்கை தனியாகவும் பிரிய வாய்ப்பு உண்டு. வெயிலில் வைத்தாலும் கெடும். கனடாவில் பிறந்து சிகாகோவில் சீஸ் விற்ற ஜேம்ஸ் கிராஃப்ட், இருக்கிற சீஸை அரைத்து, காய்ச்சி, டப்பாவில் அடைத்துக் கெடாமல் வைக்கும் முறைக்கு 1916இல் காப்புரிமை வாங்கினார். கொழுப்பும் புரதமும் பிரியாமல் பிடித்துக்கொள்ள சிட்ரேட், பாஸ்பேட் மாதிரி உப்புகள் சேர்ப்பது இந்தத் தொழிலின் ரகசியம். அதனால்தான் அது பிரட் நடுவில் வழுவழுவென்று உருகுகிறது. (பனீர் ஏன் உருகுவதில்லை என்று கேட்பவர்களுக்கு: அது புளிப்பு விட்டுத் திரித்த பால். சூடு பண்ணினால் வதங்கும், உருகாது.) கிராஃப்ட்டின் டப்பா சீஸை முதலில் மொத்தமாக வாங்கியது யார் தெரியுமா? முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம். 1928இல் மிசௌரி மாநிலத்தின் சிலிக்கோத்தி என்ற சின்ன ஊரில், ஓட்டோ ரோவெடரின் இயந்திரம் அறுத்த துண்டு பிரட் விற்பனைக்கு வந்தது. துண்டு பிரட்டும் மலிவு சீஸும் சேர்ந்தது அடுத்து வந்த 1930களின் பொருளாதார மந்தத்தில். காசும் இல்லாத, நேரமும் இல்லாத வீடுகளின் சாப்பாடாக அது பரவியது.

இந்தியாவுக்கு வருவோம். 1949இல் குஜராத்தின் ஆனந்த் என்ற ஊருக்கு, அரசு வேலையாக, விருப்பமே இல்லாமல் வந்து சேர்ந்த ஒரு இளம் எஞ்சினியர்தான் வர்கீஸ் குரியன். அங்கே திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் 1946இல் பதிவான கேடா மாவட்டப் பால் கூட்டுறவு சங்கம்தான் பிறகு அமுல் ஆனது. எருமைப் பாலில் பால் பவுடர் செய்யவே முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குரியனின் நண்பர் எச்.எம். தலாயா செய்து காட்டினார். 1955இல் அதற்கான ஆலை வந்தது. அதற்குப் பின்னால் சீஸ். எருமைப் பாலில் மஞ்சள் நிறம் கிடையாது, சீஸும் சீக்கிரம் பக்குவமாகாது. அதையும் பழகி, பெரிய அளவில் எருமைப் பால் சீஸ் செய்ய ஆரம்பித்தார்கள்.

இதில் எனக்குப் புல்லரித்த விஷயம் ஒன்று. குரியன் பள்ளிக்கூடம் படித்தது எங்கே? கோபிசெட்டிபாளையம் வைர விழா பள்ளியில்! கோழிக்கோட்டில் 1921இல் பிறந்தவர், அப்பா அரசு டாக்டராக கோபியில் வேலை பார்த்ததால் அங்கே படித்தார். பிறகு சென்னை லயோலா, கிண்டி எஞ்சினியரிங். கோபி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம். நெய் ஊரான ஊத்துக்குளியும் அதே வட்டாரம்தான். இங்கே பள்ளிக்கூடம் போன பையன் குஜராத் போய் எருமைப் பாலைச் சீஸாக்கினார். அது லாரி ஏறி என் தோசைக்கல்லுக்கு வந்து ஊத்துக்குளி வெண்ணெயோடு சேர்கிறது. (அவருக்குப் பால் குடிக்கப் பிடிக்காது என்பது தனிக்கதை.)

மூன்றும் வந்தாயிற்று. ஆனால் சேர்த்து வைத்தது எது?

பம்பாய்க்காரன் பெருமையாகச் சொன்ன தள்ளுவண்டியைப் பாருங்கள். பம்பாயில் முதல் பஞ்சாலை 1850களில் வந்தது. ஷிப்ட் விட்டு வருகிறவனுக்கு நின்றபடி, கையில் பிடித்து, ஐந்து நிமிஷத்தில் தின்று முடிக்கிற சாப்பாடு வேண்டும். பாவ் பாஜி, வடா பாவ் எல்லாவற்றுக்கும் பின்னால் மில் தொழிலாளி நிற்கிறான். கைப்பிடி வைத்த அலுமினிய டோஸ்டரில் உருளைக்கிழங்கும் பச்சைச் சட்னியும் வைத்துச் சுட்டு, மேலே சீஸ் துருவும் சாண்ட்விச்சும் அதே தெருவின் பிள்ளை. 1982 வேலைநிறுத்தத்தோடு மில்கள் சரியத் தொடங்கின. தள்ளுவண்டி மட்டும் இருக்கிறது.

திருப்பூரில் பின்னலாடை 1920களில் கையால் சுற்றும் இயந்திரத்தோடு ஆரம்பித்தது. 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தது முதல் ஊர் மாறியது. 1980களில் ஏற்றுமதி ஏற ஏற, ஊரின் கடிகாரமே ஷிப்ட் ஆனது. காலை எட்டரைக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். கப்பலுக்குச் சரக்கு போகிற நேரத்தில் அதையும் தாண்டும். எங்கள் ஊரில் "என்ன சம்பளம்?" என்று கேட்க மாட்டார்கள், "ஷிப்ட்டுக்கு எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். நடுவில் பத்து நிமிஷ டீ பிரேக். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் அரிசிச் சோறு நுழையாது. டீயும் பன்னும் நுழையும். காய்ச்சல்காரன் சாப்பாடு திருப்பூரில் உழைக்கிறவன் சாப்பாடானது இப்படித்தான்.

என் அம்மா பதினெட்டு வருஷமாகச் செக்கிங்கில் இருக்கிறார். நின்றுகொண்டே துணியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்க்கிற வேலை. போன லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பெருமையாக என் சீஸ் டோஸ்ட்டைச் செய்து கொடுத்தேன். ஒரு வாய் வாங்கிவிட்டு, "நல்லாத்தான் கண்ணு இருக்குது" என்றார். முகம் அப்படிச் சொல்லவில்லை. ஏன் என்று நச்சரித்ததில் சொன்னார்: "ரொட்டியெப் பாத்தாலே டீ பிரேக்கு ஞாபகம் வருது சாமி. அது பசிக்குத் தின்னது, ருசிக்கு இல்ல. லீவு நாள்லயாச்சும் சோறு திங்கறேன் உடு."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் 'ஃபேவரைட்' என்று பட்டியல் போடுகிற பொருள் அவருக்கு வேலையின் நீட்சி.

விடாமல், "டப்பாவுல போட்டுத் தர்றேன், சாயங்காலம் பிரேக்ல சாப்பிடுங்க, சீஸ் இருந்தா பன்னை விட நல்லது" என்றேன். மறுநாள் கொண்டுபோனார். திரும்பி வந்து சிரித்தார், "ரப்பராட்ட ஆயிருச்சு கண்ணு." தப்பு என்னுடையதுதான். சீஸ் ஆறினால் இறுகிவிடும். பிரட்டும் ஈரம் பிடித்து நமநமத்துப் போகும். கல்லிலிருந்து எடுத்த முதல் ஐந்து நிமிஷம்தான் அதன் ஆயுள். நேரமில்லாதவர்களுக்காக உண்டான சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட, பக்கத்திலேயே அடுப்பும் உட்கார நேரமும் வேண்டியிருக்கிறது. பன்னுக்கு அது வேண்டாம். ஷிப்ட்டில் பன் ஜெயித்ததும், சீஸ் டோஸ்ட் ஏசி கஃபேயில் போய் உட்கார்ந்துகொண்டதும் விலையால் மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அவினாசி ரோட்டில் இப்போது கஃபேக்கள் நிறைய. மொசரெல்லா போட்டு, இழுத்தால் ஒரு முழம் நீளுகிற மாதிரி தருகிறார்கள். நன்றாகவே இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. அந்த ஒன்றின் விலைக்கு எதிர்த்த பேக்கரியில் நாலு பேர் டீயும் பன்னும் சாப்பிடலாம் என்பதும் உண்மை. என் ஓட்டு இன்னமும் தோசைக்கல்லுக்குத்தான். ஆனால் "சிறந்தது எது" என்று யாராவது கேட்டால், "யாருக்கு, எத்தனை நிமிஷத்தில்?" என்று திருப்பிக் கேட்கிறேன்.

உங்கள் ஊரில் ஷிப்ட் நேரத்துச் சாப்பாடு என்ன? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். மதுரைக்காரன் பரோட்டா பற்றி எழுதினால் நீக்கப்படும் ;-)

பி.கு.: ஊத்துக்குளி வெண்ணெயில் நீரும் மோர்ச் சத்தும் இருக்கும். தீ கூடினால் கருகிவிடும். அரை ஸ்பூன் நெய் கலந்து தடவினால் பிரச்சினை இல்லை. இது அம்மாயி சொன்ன டிப்ஸ். அது வாழ்நாளில் சீஸ் தின்றதே இல்லை.