303 பெயர்களில் தொடங்கிய பட்டியல்
மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளுவதும், விந்தணுவை நீந்தவைப்பதும், சிறுநீரக நுண்குழாயில் ஓடும் நீரை உணர்வதும் செல்லின் மேல் மயிரிழைபோல் நீண்டிருக்கும் குறுஇழைகள்தாம். சிலியா என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அவற்றுக்கு வேண்டிய மரபணுக்கள் எவை என்ற பட்டியல் உருவான கதை இது.

2000இல் ஒரு செய்தி வந்தது. கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப்பாசியில் ஒரு மரபணு கெட்டால் கசையிழை, அதாவது அதன் நீண்ட குறுஇழை, வளர்வதில்லை. எலியில் அதே மரபணு கெட்டால் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள். பாசிக்கும் சிறுநீரக நோய்க்கும் இப்படி ஓர் உறவு தெரிந்தபின் தேடல் சூடுபிடித்தது.

2004இல் ஆய்வாளர்கள் செய்தது வெறும் கழித்தல் கணக்கு. எனக்கு மிகப் பிடித்த கட்டமும் அதுதான். மனிதருக்கும் பாசிக்கும் குறுஇழை உண்டு, அராபிடாப்சிஸ் என்னும் சிறுசெடிக்கு இல்லை. முதல் இரண்டுக்கும் பொதுவான மரபணுக்களிலிருந்து செடியிலும் உள்ளவற்றை நீக்கினார்கள். மிஞ்சியவை 688. பார்வையிழப்பும் உடற்பருமனும் கூடுதல் விரல்களுமாக வரும் பார்டெட்-பீடல் நோய்க்குக் காரணமான பிபிஎஸ்5 மரபணு அதிலிருந்தே பிடிபட்டது.

ஆனால் கழித்தலில் ஓட்டையும் உண்டு. குறுஇழையின் தூண்களே டியூபுலின் புரதத்தால் ஆனவை. செடியிலும் டியூபுலின் இருப்பதால் அது கணக்கிலிருந்து விழுந்துவிடும். குறுஇழைக்குச் சம்பந்தமில்லாத சில மரபணுக்களோ உள்ளே தங்கிவிடும். குறுஇழையின் புரதங்களைப் பிரித்தெடுத்தும் பட்டியல்கள் வந்தன. அவற்றில் செல்லின் பிற பகுதிப் புரதங்களும் கலந்திருந்தன. எதை நம்புவது?

இதற்கு ஓர் உரைகல் வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் இயங்கிய சிஸ்சிலியா கூட்டமைப்பு 2013இல் அதை வெளியிட்டது. துறை வல்லுநர்கள் ஆய்வுக்கட்டுரைகளைப் படித்து, சான்றுள்ள மரபணுக்களை மட்டும் சேர்த்தார்கள். வந்தவை 303. சிறிய பட்டியல், அந்தக் கண்டிப்பே அதன் பலம். 2019இல் சிலியாகார்ட்டா என்ற பெரும் தொகுப்பு, பல தரவுகளை இந்த உரைகல்லில் உரசி எடைபோட்டு, 956 மரபணுக்களை முன்வைத்தது.

2021இல் சிஸ்சிலியா பட்டியலின் இரண்டாம் பதிப்பு வந்தது. புதிதாக 383 பெயர்கள் சேர்ந்து மொத்தம் 686 ஆயின. எட்டே ஆண்டில் இரு மடங்குக்கும் மேல். ஆகவே இப்பட்டியலை எடுத்தாளும் மாணவர்களும் மருத்துவர்களும் எந்தப் பதிப்பு என்பதைத் தவறாமல் குறிப்பிட வேண்டும். 2013இன் பட்டியலில் ஒரு மரபணு இல்லை என்பதற்காக நோயாளியின் கோப்பை மூடிவிடக் கூடாது.