ஃபாந்தே ஊர் வாழ்வில் தாய்வழி நிலமும் தந்தைவழிப் படையும்

முன்னுரை

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், கடலோரத்தின் நடுப்பகுதியிலும் அதனை அடுத்த உள்நாட்டிலும் வாழ்பவர்கள் ஃபாந்தே மக்கள். அக்கான் பேரினத்தின் ஒரு கிளையினரான இவர்கள் அக்கான் மொழியின் ஃபாந்தே வழக்கைப் பேசுகின்றனர். 1482-இல் போர்ச்சுக்கீசியர் எல்மினாவில் கட்டிய கோட்டையையும், அதன்பின் வளர்ந்த அடிமை வணிகத்தையும் முன்னிறுத்தியே இவர்களது வரலாறு பெரிதும் எழுதப்பட்டுள்ளது. கோட்டைக்கு வெளியே, ஊருக்குள் ஒருவருக்கு நிலமும் பெயரும் கடமையும் எவ்வழியில் வந்தன என்பதும் அவ்வரலாற்றின் இன்றியமையாத பகுதியாகும். நிலத்தைத் தாய்வழியிலும் படைக்கடமையைத் தந்தைவழியிலும் பெறும் ஃபாந்தே மரபையும், அம்மரபு காலனிய ஆட்சியிலும் பின்னரும் எதிர்கொண்ட சோதனைகளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடிபெயர்வுத் தொன்மம்

ஃபாந்தே மக்களின் முன்னோர் வடக்கே தெச்சிமான் பகுதியிலிருந்து வந்தனர் என்பது வாய்மொழி மரபு. ஒபுருமான்கொமா, ஒடாபாஜான், ஒசோன் என்னும் மூவர் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். இம்மூவரும் முறையே திமிங்கிலம், கழுகு, யானை ஆகியவற்றால் குறிக்கப்படுவர். வந்தவர்கள் மான்கெசிமில் குடியேறினர். 'பேரூர்' என்பது அப்பெயரின் பொருள். தலைவர்களின் உடல்கள் அருகிலுள்ள சோலையில் அடக்கம் செய்யப்பட்டன என்றும், அதுவே 'நனநொம் போ' என்னும் முன்னோர் சோலை என்றும் கூறுவர். பின்னர் அபோரா, எக்கும்ஃபி, என்யான் முதலிய பிரிவினர் பிரிந்து சென்று தனித்தனி ஊர்களை அமைத்தனர்.

இத்தொன்மத்தை நேரடி வரலாறாகக் கொள்வதில் தயக்கம் உண்டு. அடிமை வணிகம் பெருகிய 18-ஆம் நூற்றாண்டில், அசாந்தே அரசின் வலிமையை எதிர்கொள்ள வேண்டிய சூழலில்தான் ஃபாந்தே என்னும் கூட்டு அடையாளம் உறுதிப்பட்டது என்று ரெபெக்கா ஷம்வே 2011-இல் வெளியிட்ட நூலில் வாதிடுகிறார். அக்கூட்டுக்கு நடுவாக நின்றது முன்னோர் சோலையே. 1835-இல் கேப் கோஸ்ட்டில் தொடங்கிய மெதடிஸ்ட் சமயப்பணி உள்ளூர்களுக்குப் பரவியபோது சோலையின் பூசாரிகளுக்கும் புதிய கிறித்தவர்களுக்கும் மோதல் எழுந்தது. 1851-இல் பூசாரிகள் விசாரணைக்கு உள்ளாகித் தண்டிக்கப்பட்டபின் சோலையின் செல்வாக்கு குன்றியது.

தாய்வழியும் தந்தைவழியும்

ஒவ்வொருவரும் தாயின் 'அபுசுவா' எனப்படும் குலத்தைச் சேர்ந்தவர். இத்தகைய குலங்கள் ஏழு என்பது மரபு. அனோனா குலத்திற்குக் கிளியும் த்விடான் குலத்திற்குச் சிறுத்தையும் அடையாளங்கள். ஒரே குலத்தினர் தமக்குள் மணம் புரிவதில்லை. குல நிலம் குலத் தலைவரின் பொறுப்பில் இருக்கும். உறுப்பினர் அதனைப் பயிரிடலாம். தம் விருப்பப்படி விற்க இயலாது. ஆண்மகன் இறந்தால் அவனது உடைமை உடன்பிறந்தானுக்கும், பின்னர் சகோதரியின் மகனுக்கும் செல்லும். தமிழில் மருமக்கள்வழி எனப்படும் முறையை இது ஒத்தது.

எனினும் தந்தையின் இடம் சிறிதன்று. பிறந்த எட்டாம் நாள் குழந்தையை வெளியே கொணர்ந்து, நாவில் நீரும் மதுவும் தொட்டுவைத்துப் பெயர் சூட்டுவர். பெயரைத் தெரிவு செய்யும் உரிமை தந்தையுடையது. அதனுடன் பிறந்த கிழமையின் பெயரும் சேரும். வெள்ளியன்று பிறந்த ஆண் கோஃபி, பெண் எஃபுவா. நிலமகளும் 'அசாசே எஃபுவா' எனப்படுவதால் வெள்ளியன்று மண்ணைக் கிளறுதல் ஆகாது. கடலுக்குரிய செவ்வாயன்று மீனவர் வலை வீசுவதில்லை.

'அசாஃபோ' எனப்படும் ஊர்ப்படையில் சேர்வதும் தந்தைவழியே. போருக்கு மட்டுமன்றி, பாதை சீரமைத்தல், காணாமற்போனோரைத் தேடுதல் முதலிய பொதுப்பணிகளுக்கும் இப்படை பயன்பட்டது. பழமொழிகளைத் துணியுருவங்களாகத் தைத்த கொடிகளும், 'போசுபான்' என்னும் படைக்கோயில்களும் ஒவ்வொரு படைக்கும் உண்டு. ஒரு படையின் கொடி மற்றொன்றை இழிவுபடுத்தியதாகக் கருதப்பட்டால் மோதல் மூளும். எனவே கொடியின் உருவங்கள் காலனிய அதிகாரிகளின் கட்டுப்பாட்டிற்கு உள்ளாயின.

இவ்வமைப்பில் தந்தையும் மகனும் ஒரே படையினர். ஆனால் வெவ்வேறு குலத்தினர். ஆகவே குலங்களுக்கிடையே பூசல் எழுந்தால் படை உறவும், படைகளுக்கிடையே பூசல் எழுந்தால் குல உறவும் இணைப்பாக நிற்க இடமிருந்தது.

நில உரிமையும் அரசியலும்

ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் தம் கோட்டைகளை மாற்றிக்கொள்ள முடிவு செய்தபோது, தம்மைக் கேளாமல் தம் ஊர்கள் கைமாறுவதை ஃபாந்தே தலைவர்கள் எதிர்த்தனர். 1868-இல் ஃபாந்தே கூட்டமைப்பு உருவாயிற்று. மான்கெசிமில் 1871-இல் இயற்றப்பட்ட அதன் அரசியலமைப்பு, பள்ளிகளைப் பற்றியும், இருபுறமும் வடிகால் கொண்ட 15 அடி அகலச் சாலைகளைப் பற்றியும் பேசியது. ஆங்கிலேயர் அதன் தலைவர்களைக் கைது செய்தனர், கூட்டமைப்பு நிலைக்கவில்லை. 1874-இல் அப்பகுதி கோல்டு கோஸ்ட் காலனியாயிற்று.

1897-ஆம் ஆண்டின் நில மசோதா ஆளில்லாத நிலத்தை அரசின் ஆளுகைக்குள் கொணர முயன்றது. குல நிலம் இறந்தோர்க்கும் பிறக்கவிருப்போர்க்கும் உரியதாகையால், பயிரிடப்படாத நிலமும் உடையவர் உள்ள நிலமே என்பது மரபு. அவ்வாண்டு கேப் கோஸ்ட்டில் தோன்றிய பூர்வகுடி உரிமைப் பாதுகாப்புச் சங்கம் இலண்டனுக்குத் தூதுக்குழு அனுப்பியது; மசோதா கைவிடப்பட்டது. அச்சங்கத்தின் முன்னணியினருள் ஒருவரான வழக்கறிஞர் ஜான் மென்சா சார்பா, ஃபாந்தே வழக்காற்றுச் சட்டங்களைத் தொகுத்து அதே 1897-இல் நூலாக்கியமை இங்கு எண்ணத்தக்கது.

நிலத்தைக் காத்த அதே மரபு வீட்டினுள் வேறு முகம் காட்டிற்று. கணவனுடன் உழைத்த மனைவியும் பிள்ளைகளும் அவனது குலத்தினர் அல்லர்; அவன் விருப்பாவணம் எழுதாது இறந்தால் வீட்டையும் இழக்க நேர்ந்தது. 1985-இல் இயற்றப்பட்ட வாரிசுரிமைச் சட்டம் இதனை மாற்றியது. இறந்தவர் தாமே ஈட்டிய வீடும் வீட்டுப் பொருள்களும் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் உரியன. எஞ்சிய சொத்தில், துணைவரும் பிள்ளைகளும் பெற்றோரும் இருப்பின், 8-இல் ஒரு பங்கே வழக்காற்றுச் சட்டப்படி செல்லும். குல நிலத்தை அச்சட்டம் தொடவில்லை. எனவே எது ஈட்டியது, எது குலத்தினுடையது என்னும் வினாவே வழக்குகளின் மையமாகிறது. குல நிலத்தில் தன் பணத்தால் ஒருவர் கட்டிய வீடு இதற்குத் தக்க சான்று.

முடிவுரை

ஃபாந்தே ஊரில் ஒருவர் தாயால் நிலத்திற்கும் தந்தையால் படைக்கும் உரியவரானார். 1897-இல் அரசிடமிருந்து நிலத்தைக் காத்தது குலத்தின் கூட்டுரிமை. 1985-இல் அக்கூட்டுரிமையிடமிருந்தே மனைவி மக்களைக் காக்கச் சட்டம் தேவைப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்து நோக்கும்போதுதான் ஃபாந்தே தாய்வழி மரபின் வலிமையும் வரம்பும் ஒருங்கே விளங்கும்.