பன்னிரண்டு அங்குலம்

சில வருடங்களுக்கு முன்பு டெக்சஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை கல்லூரி நண்பன் போன் செய்தான். "மச்சான், ஒரு கடைக்குப் போகணும், நீயும் வா. நீதான் எதை வாங்கினாலும் எக்செல் ஷீட் போட்டு கம்பேர் பண்ணுவியே." என்ன கடை என்று சொல்லவில்லை. போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, துப்பாக்கிக் கடை. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவன் தெருவில் ஒரு வீட்டுக்குள் ராத்திரி ஆள் புகுந்துவிட்டான். நண்பன் வீட்டில் நான்கு மாதக் குழந்தை.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தோட்டாவில்தான் மாட்டிக்கொண்டோம். சுவர் முழுக்கப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் எண்கள்: குறுக்களவு, எடை, வேகம். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். ஒரு பெட்டியை எடுத்து முன்னால் வைத்து, இது எஃப்.பி.ஐ. சோதனையில் தேறியது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார்.

"பாஸ் ஆனா போதும்ல?" என்று நண்பன் என்னைப் பார்த்தான்.

கேள்வித்தாளை யார் தயாரித்தது என்று தெரியாமல் மார்க்கை மட்டும் நம்புவது எனக்கு ஆகாது. "ரெண்டு நாள் டைம் குடுடா" என்று சொல்லிவிட்டு வந்து படிக்க உட்கார்ந்தேன்.

அந்தப் பெட்டியில் இருந்தவை ஹாலோ பாயிண்ட் தோட்டாக்கள். முனையில் ஒரு குழி இருக்கும். உடலுக்குள் போனதும் அந்த முனை பூப்போல விரிந்து தோட்டாவின் வேகத்தைத் தடுக்கும். இந்த யோசனையின் மூதாதைகளில் ஒன்று நம் ஊரில் பிறந்தது. கல்கத்தா பக்கத்தில் டம்டம் என்ற இடத்தில் பிரிட்டிஷ்காரர்களின் ஆயுதச் சாலை இருந்தது. இப்போது விமான நிலையம் இருக்கிற அதே டம்டம். புதிய .303 ரவைகள் ஆளைத் துளைத்துக்கொண்டு போய்விடுகின்றன, வடமேற்கு எல்லையில் ஓடிவருகிற பழங்குடியினர் நிற்பதே இல்லை என்று 1890களில் பட்டாளத்தில் புகார் எழுந்தது. நெவில் பெர்ட்டி-கிளே என்ற கேப்டன் ரவையின் முனையில் உலோக உறையை விட்டு, உள்ளே இருக்கும் ஈயம் வெளியே தெரிகிற மாதிரி செய்தார். பட்டவுடன் அது விரிந்தது. காயங்கள் கோரமாக இருந்தன. 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், உடலில் விரியும் ரவைகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பிரகடனம் செய்தன. பிரிட்டன் முதலில் எதிர்த்தது, 1907இல்தான் சேர்ந்துகொண்டது.

ஆனால் அந்தத் தடை போருக்கு மட்டும்தான். போலீஸுக்கும் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கும் இன்று பெரும்பாலும் இந்த வகைதான் பரிந்துரைக்கப்படுகிறது. காரணம் எளிது. விரியும் தோட்டா பெரும்பாலும் பட்டவன் உடம்போடு நின்றுவிடும், பின்னால் நிற்கும் அப்பாவியிடம் போகாது. போரில் கொடுமை என்று விலக்கிய பொருளையே தெருவில் பாதுகாப்பானது என்கிறார்கள். எனக்கு இது முதலில் முரணாகத் தெரிந்தது. படிக்கப் படிக்க இரண்டு பக்கமும் நியாயம் இருப்பது புரிந்தது.

அடுத்த அத்தியாயம் சிகாகோ, 1904. பிலிப்பைன்ஸில் மோரோ போராளிகளை .38 ரிவால்வர் நிறுத்தவில்லை என்று அமெரிக்கப் படையினர் குறைப்பட்டார்கள். தாம்சன், லகார்ட் என்ற இரண்டு அதிகாரிகளிடம் விசாரணை ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் சிகாகோ கசாப்புக் கூடங்களில் மாடுகளைச் சுட்டார்கள். பிணங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தார்கள். இன்றைய கண்ணுக்கு அதை அறிவியல் என்று சொல்லவே கூசும். முடிவு: .45க்குக் குறைந்தது வேண்டாம். அதிலிருந்துதான் புகழ்பெற்ற கோல்ட் 1911 கைத்துப்பாக்கி வந்தது. ஆனால் அதே அறிக்கை, குறிபார்த்துச் சுட வீரர்களுக்கு இடைவிடாத பயிற்சி வேண்டும் என்றும் சொன்னது. எல்லோருக்கும் .45 ஞாபகம் இருக்கிறது. இது யாருக்கும் ஞாபகம் இல்லை.

கடைக்காரர் சொன்ன எஃப்.பி.ஐ. சோதனையின் கதை மயாமியில் தொடங்குகிறது. 1986 ஏப்ரல் 11. வங்கிகளையும் பண வண்டிகளையும் கொள்ளையடித்த மைக்கேல் பிளாட், வில்லியம் மேட்டிக்ஸ் இருவரின் காரை எஃப்.பி.ஐ. ஆட்கள் மடக்கினார்கள். அந்தச் சண்டையில் இருந்த அதிகாரிகள் எட்டுப் பேர். ஐந்து நிமிடத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ரவைகள். தொடக்கத்திலேயே ஜெர்ரி டவ் என்ற அதிகாரி சுட்ட 9 எம்.எம். தோட்டா பிளாட்டின் வலது கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போனது. நுரையீரலைக் கிழித்தது. இதயத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அந்தக் காயமே அவனைக் கொன்றிருக்கும் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். ஆனால் அவன் அப்போதே சாகவில்லை. எழுந்து தன் ரைஃபிளால் டவ்வையும் பென் குரோகனையும் கொன்றான். இன்னும் ஐந்து அதிகாரிகளுக்குக் காயம். கடைசியில், ஒரு கை சிதைந்துபோன எட்முண்டோ மிரெலெஸ் மறுகையால் சுட்டு இருவரையும் முடித்தார்.

விசாரணை என்ன சொன்னது? தோட்டா போதிய ஆழம் போகவில்லை.

பொய் இல்லை. ஆனால் மற்றவற்றையும் பாருங்கள். எதிரிகளிடம் ரைஃபிள் இருக்கும் என்று முன்பே தெரியும். இருந்தும் பெரும்பாலான அதிகாரிகளின் கையில் ரிவால்வர்தான். ஒருவருடைய ஷாட்கன் பின்சீட்டில் கைக்கு எட்டாமல் கிடந்தது. கார்கள் மோதியதில் ஒருவர் துப்பாக்கியைத் தொலைத்தார். குறிதவறாதவர் என்று பெயர் வாங்கிய குரோகனின் மூக்குக்கண்ணாடி பறந்துபோனது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்தது. ஒரு ராத்திரி எங்கள் சிஸ்டம் நான்கு மணி நேரம் படுத்துவிட்டது. மறுநாள் போஸ்ட்மார்ட்டம் மீட்டிங். ஒரு டைம்அவுட் எண் குறைவாக இருந்தது என்று கண்டுபிடித்து, 30ஐ 60 ஆக்கி, டிக்கெட்டை மூடினோம். எச்சரிக்கை மெயில்கள் ஒரு வாரமாக வந்துகொண்டிருந்ததையும், அன்று ராத்திரி டூட்டியில் தனியாக ஒரு புதுப் பையனை விட்டிருந்ததையும் யாரும் எழுதவில்லை. எழுதும் இடத்தில் நானும் இருந்தேன். எண்ணை மாற்றுவது சுலபம். எண்ணுக்கு மேனேஜர் கிடையாது.

எஃப்.பி.ஐ.யும் எண்ணைப் பிடித்துக்கொண்டது. மார்ட்டின் ஃபேக்லர் என்ற ராணுவ அறுவை மருத்துவர், தசைக்கு மாற்றாக 10 விழுக்காடு ஜெலட்டினை 4 டிகிரி குளிரில் வைத்துச் சுடும் முறையைச் செம்மைப்படுத்தியிருந்தார். அதை எடுத்துக்கொண்டார்கள். தோட்டா குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது. மனித நெஞ்சு அவ்வளவு ஆழம் இல்லையே என்று தோன்றும். குறுக்கே ஒரு கை வரலாம், பக்கவாட்டில் படலாம். அந்த 12க்குள் பிளாட்டின் வலது கை இருக்கிறது. வெறும் ஜெலட்டின் மட்டுமல்ல, தடித்த துணி, இரும்புத் தகடு, ஜிப்சம் சுவர், பிளைவுட், கார் கண்ணாடி எல்லாவற்றையும் தாண்டிப் போய் அந்த ஆழத்தைத் தொட வேண்டும். 1989இல் வெளியான எஃப்.பி.ஐ. அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: இதயமே சிதைந்தாலும் ஒரு ஆள் 10 முதல் 15 விநாடி சுயநினைவோடு செயல்பட முடியும், மூளையில் அதற்கு ஆக்சிஜன் இருக்கும். சினிமாவில் சுட்டதும் பறந்து விழுகிறார்களே, அது சினிமா.

அடுத்து பெரிய தோட்டா தேடினார்கள். 10 எம்.எம். வந்தது. உதைப்பு தாங்க முடியாமல் மருந்தைக் குறைத்தார்கள். 1990இல் .40 அறிமுகமானது, 1997இல் எஃப்.பி.ஐ. அதற்கு மாறியது. நாடு முழுக்கப் போலீஸ் துறைகளும் அதை வாங்கின. 2014இல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவு ஒரு விளக்கம் எழுதியது: நல்ல தோட்டாவாக இருந்தால் இந்த அளவுகளுக்குள் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை, சிறியதை வைத்து ஆட்கள் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள், நிஜச் சண்டையில் காவலர்கள் சுடுவதில் 70 முதல் 80 விழுக்காடு குறிதவறுகிறது. இரண்டு வருடத்தில் மறுபடி 9 எம்.எம். வாங்க ஒப்பந்தம். டவ் சுட்ட அதே அளவு.

முப்பது வருடம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஜெலட்டின் சோதனை வந்ததால்தான் தயாரிப்பாளர்கள் நல்ல 9 எம்.எம். தோட்டா செய்தார்கள், அதனால்தான் திரும்பவும் முடிந்தது. ஆனால் 1904 அறிக்கையில் இருந்த வரிக்கு வந்துசேர 110 வருடம் ஆகியிருக்கிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் நண்பன் வீட்டுக்குப் போனேன். எக்செல் ஷீட் எடுத்துப் போகவில்லை. சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரிடா, கடைசியா எது வாங்கலாம், அதைச் சொல்லு" என்றான்.

"அவர் குடுத்ததே நல்லதுதான். ஆனா அந்த டெஸ்ட்ல ஒண்ணு, ரெண்டு ஜிப்சம் பலகை வச்சு அதைத் தாண்டி சுடறது. தாண்டின அப்புறமும் 12 அங்குலம் போகணும். போனாத்தான் பாஸ்."

அவன் ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் ஹால் சுவரை விரலால் தட்டினான். டொக் டொக் என்று வெற்று ஓசை வந்தது. அமெரிக்க வீட்டுச் சுவர், மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை. அந்தப் பக்கம் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அவன் அந்தப் பெட்டியை வாங்கினான், பூட்டுப்போட்ட பெட்டகத்தோடு சேர்த்து. பயம் அவனுடையது, நான் அதில் தலையிட முடியாது. ஆனால் அதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தொட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டின் மறுகோடியில் செங்கல் சுவர் ஓரமாக வைத்தோம். வாசல் பக்கத்திலிருந்தும் அவர்களுடைய படுக்கையறையிலிருந்தும் நேர்க்கோட்டில் படாத ஒரே மூலை அது. குழந்தை விழிக்கவில்லை.